கோல்களினூடே ஓடிய நாய்

மார்ச்சு மாதத்துக் குளிர் இன்னும் தணியவில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியிலே, பேர்மிங்ஹாம் நகரின் புறத்தே அமைந்துள்ள தேசியக் கண்காட்சி மண்டபத்துள் நாம் நுழைந்தபோது எத்திசை நோக்கினும் நாய்களே தென்பட்டன. கன்றுக்குட்டி போன்ற பெருநாய்களும், கூடைக்குள் அடங்கும் சிறுநாய்களும் தத்தம் எசமானருடன் சென்றுகொண்டிருந்தன. 1891ஆம் ஆண்டில் இலண்டனிலே தொடங்கிய கிறவ்ற்ஸ் நாய்க் கண்காட்சி, 1991 முதல் இம்மண்டபத்திலே நிகழ்ந்து வருகின்றது.

எம்மைக் கவர்ந்தது அஜிலிற்றி என்னும் தடையோட்டப் போட்டியாகும். 1978ஆம் ஆண்டிலே, இலண்டன் ஒலிம்பியா மண்டபத்தில் இக்கண்காட்சி நடந்த காலத்தில், நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட நேரத்திற் பார்வையாளரை மகிழ்விக்கும் பொருட்டு, குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பின்பற்றி இதனை அமைத்தனர். இடைவேளை விளையாட்டாய்ப் பிறந்த அது இன்று பல நாடுகளிற் பரவிவிட்டது.

வேலி தாண்டுதலும் குழாயினுள் நுழைதலும் எமக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால், நேர்வரிசையாய் நாட்டப்பெற்ற பன்னிரண்டு கோல்களைக் கண்டோம். ஒன்றற்கும் மற்றொன்றற்கும் இடையே அறுபது சென்ரிமீற்றர் இடைவெளி. முதற்கோல் தன் இடத்தோளுக்கு அருகே வருமாறு நாய் நுழைந்து, பாவினூடே ஊடைநூல் செல்வதுபோல இடமும் வலமுமாக வளைந்து சென்று வெளிவரல் வேண்டும். இதனாலேயே ஆங்கிலேயர் இவற்றை நெசவுக் கோல்கள் என்கின்றனர். கறுப்பும் வெள்ளையுமான கொலி நாயொன்று இரண்டு மூன்று விநாடிகளில் அவற்றைக் கடந்துவிட்டது! உடன் ஓடுபவர் நாயைத் தொடலாகாது. தின்பண்டம் காட்டவும் ஆகாது. ஓட்டத்திற்கே பிறந்த விலங்கு இவ்வாறு வளைந்தோட எங்ஙனம் கற்றது? எம் வியப்பைக் கண்ட அயலிருக்கை முதியவர், “பழக்குவதைப் பார்க்க விரும்பினால் எங்கள் கிராமத்துக்கு வாருங்கள்” என்றழைத்தார்.

இரண்டு நாள் கழித்து அங்கே சென்றோம். ஈரப்புல் நிறைந்த வெளி. வேலிக்கப்பால் மேயும் செம்மறியாடுகள். பயிற்சி அளித்தவர் நடுவயதுப் பெண்மணி. புதிதாய்ப் பழகும் நாய்க்கு அவர் கோல்களை ஒரே வரிசையில் நாட்டவில்லை. இரு வரிசைகளாகப் பிரித்து, இடையிலே நாய் நேராக ஓடத்தக்க பாதை விட்டிருந்தார். பாதையின் முடிவிலே பந்து. நாள்தோறும் இரு வரிசைகளையும் சிறிது சிறிதாக நெருக்குவாராம். பாதை குறுகக் குறுக நாயின் உடல் தானே வளையத் தொடங்கும். ஈற்றில் இரு வரிசையும் ஒன்றாகும். எலும்பு முதிராத குட்டிகளை இப்பயிற்சியில் வருத்துவதில்லை. பிரித்தானியப் போட்டிகளிலே பதினெட்டு மாதம் நிரம்பாத நாய்க்கு இடமில்லை.

அப்பொழுது ஓர் இளைஞர் தம் நாயுடன் வந்தார். பத்தாவது கோல்வரை அம்புபோற் சென்ற நாய், ஒவ்வொரு முறையும் அங்கேயே விலகி வெளியேறிற்று. இளைஞர் உரத்த குரலிற் கடிந்தார். நாயின் செவிகள் தாழ்ந்தன. அடுத்த முறை நுழையவே அது தயங்கியது.

“நாய் பிழை செய்யவில்லை, தம்பி. பத்தாவது கோலை அது நெருங்கும்போதே உம்முடைய தோள் அடுத்த வேலியை நோக்கித் திரும்புகிறது. நீர் போகும் பக்கம் அது வருகிறது” என்றார் அம்மையார்.

உடனே ஆறு கோல்களை அகற்றினார். கைகளைத் தாழ்த்தி, கடைசிக் கோலையும் தாண்டி நேரே நடக்குமாறு இளைஞரைப் பணித்தார். நாய் ஆறையும் முடித்தது, பந்து பறந்தது. ஐந்து முறை அவ்வாறே நடந்ததும், “இன்றைக்குப் போதும்” என்றார்.

“அடுத்த ஞாயிறு போட்டி இருக்கிறதே! பன்னிரண்டையும் ஒருமுறை பார்த்துவிடலாமே” என்று இளைஞர் மன்றாடினார்.

“போட்டி அடுத்த ஆண்டும் வரும். இந்தக் கோல்களைக் கண்டு அஞ்சத் தொடங்கினால், இந்த நாயின் மகிழ்ச்சி திரும்பி வருமென்று யார் சொல்ல வல்லார்?”

இளைஞர் சிறிது நேரம் பேசாது நின்றார். பின்னர்ப் பந்தைச் சட்டைப்பையில் இட்டு, “இம்முறை நாங்கள் போகவில்லை” என்று மெல்லக் கூறி, குனிந்து நாயின் கழுத்தைத் தடவினார். அது வாலை ஆட்டிக்கொண்டு அவர் முழங்காலிலே தலை சாய்த்தது.

மாலை வண்டியில் நகருக்குத் திரும்பினோம். இனி ஒருமுறை அவ்வரங்கைக் காணும் வாய்ப்புக் கிட்டுமாயின், கோல்களினூடே பாயும் நாயை மட்டும் நோக்கோம். அதன் அருகே ஓடுபவரின் தோள் எப்பொழுது திரும்புகின்றது என்பதையும் நோக்குவோம்.