பத்துக்குப் பன்னிரண்டு

நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரமிருக்கும். தோஹாவிலிருந்து மருமகன் கோல் எடுத்தார். சுகம் விசாரித்து முடிந்ததும், "மாமா, ஒரு யோசனை கேட்கோணும்" என்றார். கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற வாத்தியார் நான். தவணை, சதுர அடி என்று ஏதாவது வந்தால்தான் அவருக்கு என் ஞாபகம் வரும்.

விஷயம் இதுதான். அங்கே ஒரு பெரிய கடைத்தொகுதியில் பிள்ளைகளோடு நடந்துகொண்டிருந்தவரை ஒருவர் சிரித்த முகத்தோடு மறித்து, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று சொல்லி, ஒரு ஹோட்டல் மண்டபத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். ஒன்றரை மணித்தியாலம் என்று சொன்ன கூட்டம் மூன்று மணித்தியாலம் நீண்டிருக்கிறது. விற்ற சாமான் டைம்ஷெயர். வீட்டை வாங்குவதில்லை, அந்த வீட்டின் வருடத்து 52 வாரங்களில் ஒரு வாரத்தை வாங்குவது. 1960களில் ஐரோப்பாவில் அல்ப்ஸ் மலைப் பக்கத்து உல்லாச விடுதிகளில் தொடங்கிய வியாபாரம் என்று பின்னர் வாசித்தறிந்தேன். ஒருவருடைய வாரத்தை இன்னொரு நாட்டிலிருப்பவருடைய வாரத்தோடு மாற்றிக்கொடுப்பதற்கென்றே ஆர்.சி.ஐ. என்ற கம்பனி 1974இல் அமெரிக்காவில் உண்டானது. இப்போது மாலத்தீவுக்கும் போகலாம், மலேசியாவுக்கும் போகலாம் என்கிறார்கள்.

"வாங்கிறதா இல்லையா எண்டது பிறகு மாமா. இப்ப எனக்கு விளங்காதது சைஸ்தான். ஸ்டூடியோ ஈக்கிது, ஒரு ரூம் ஈக்கிது, ரெண்டு ரூம் ஈக்கிது. பிள்ளைகள் மூணும் சின்னதுதானே. ஸ்டூடியோ போதும்தானே?"

மூத்தவளுக்கு 6 வயது, நடுவிலானுக்கு 3, கடைசிக்கு 7 மாதம். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்த மனைவி குனிந்து, "எங்களையும் சேர்த்தா மகன் எண்ணினீங்க?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"மாமிக்குக் குளிர் ஏலாதாமே" என்றார் மருமகன். "பண்டாரவளைக்கே வரமாட்டன் எண்டு போன முறை சொன்னதாம்."

மனைவி மடித்த உடுப்பையே மறுபடியும் மடிக்கத் தொடங்கினாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று ரெலிபோனை வைத்துவிட்டேன். அந்த வார்த்தையை நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

1994 டிசம்பர் விடுமுறை. நாங்கள் பதுளையில் வாடகை வீட்டிலிருந்தோம். உம்மாவும் எங்களோடுதான். மகளுக்கு 4 வயது. மகன் 8 மாதக் கைக்குழந்தை. தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் பண்டாரவளையில் ஒரு திணைக்களத்தின் சேர்க்கிட் பங்களா நான்கு இரவுக்குக் கிடைத்தது. ஒரு பக்கம் இரண்டு கட்டில் போட்ட ஒற்றை அறை. மறுபக்கம் இரண்டு அறையும் நடுவிலொரு சின்ன ஹோலும், வாடகை இரட்டிப்பு. வாத்தியார் சம்பளம். நான் கணக்குப் பார்த்தேன். ஒரு கட்டிலில் நானும் மகளும், மற்றதில் அவளும் குழந்தையும். இரண்டு கட்டில், நான்கு பேர், மீதியில்லை.

"நீங்களும் வாங்களே உம்மா" என்றேன்.

"எத்தினை கட்டில் மகன்?"

"ரெண்டு."

"எனக்கு அந்தக் குளிர் ஏலாது மகன். நீங்க பிள்ளைகளோட பெய்த்து வாங்க."

நமுனுகுலை மலையின் சரிவில், ஸ்பிரிங்வெளியில், இருபத்தைந்து வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவர் என் உம்மா. விடியற்காலை மூடுபனிக்குள் கிணற்றுத் தண்ணீரில் வுழூச் செய்தவர். அவருக்குப் பண்டாரவளைக் குளிர் ஏலாது என்றதை நான் நம்பினேன். நம்புவது வசதியாகவுமிருந்தது.

ரயிலில் போனோம். தெமோதரையில் ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுரங்கத்துக்கு நேர் மேலேயுள்ள நிலையத்திலேயே வந்து நின்றபோது மகள் கைகொட்டிச் சிரித்தாள். அந்தப் பயணத்தின் நல்ல பகுதி அத்தோடு முடிந்தது.

இரவு ஏழு மணிக்குக் குழந்தை தூங்கியது. தூங்கியதும் விளக்கை அணைக்க வேண்டியதாயிற்று. மகளுக்குத் தூக்கம் வரவில்லை. அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் நாங்கள் இருவரும் உதட்டில் விரல் வைத்தோம். கடைசியில் அவளும் தூங்கிவிட, நாங்கள் இருவரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளிப்படிக்கட்டில் போய்க் குந்தினோம். ஒரு கட்டிடம் நிறைய அறை வைத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் பேசுவதற்கு ஒரு படிதான் கிடைத்தது. இரண்டாம் இரவு குழந்தைக்குச் சளி பிடித்துக் கத்த, மகளும் எழும்பிக் கத்த, மூன்று மணிக்கு நான்கு பேரும் விழித்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் மூட்டையைக் கட்டினோம்.

சின்னப் பிள்ளை படுக்க மூன்றடி இடம் போதும். ஆனால் அதன் தூக்கம் அறை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இதை அன்றைக்குத்தான் கண்டேன்.

வீட்டு வாசலில் உம்மா, "என்ன மகன், வெள்ளன வந்திட்டீங்க?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் குழந்தையை அவளுடைய கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மனைவி உள்ளே போய்ப் படுத்தவள் லுஹருக்குத்தான் எழும்பினாள். அந்த இரண்டாவது அறையின் வாடகையை நான் மிச்சம் பிடித்தபோது எதை மிச்சம் பிடித்தேன் என்பது அப்போதும் எனக்கு முழுதாக உறைக்கவில்லை. 1996இல் உம்மா வஃபாத்தானார். அதற்கிடையில் வேறு பயணம் போக எங்களுக்கு வாய்க்கவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது ஒற்றை அறையில் என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஸ்பிரிங்வெளிக் கடைவீதியில் வாப்பாவுக்கு ஒரு சின்னக் கடை. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், வெற்றிலை. தோட்டத்துச் சனங்களுக்குச் சம்பள நாள் வரைக்கும் கடன். கடைக்குப் பின்னால் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை. வாப்பா, உம்மா, வாப்பும்மா, பிள்ளைகள் நாங்கள் நாலு பேர். மலையகத்து லயக் காம்பிராக்களில் பெரும்பாலானவற்றின் அளவும் அதே பத்துக்குப் பன்னிரண்டுதான். முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதிலேயே அடுப்பு. என்னோடு படித்த ஒருவனின் வீட்டில் ஒன்பது பேர். அக்கா பெரியவளானதும் குறுக்கே சேலை கட்டினார்கள். அண்ணன்மார் இஸ்தோப்புக்கு வந்தார்கள். கைக்குழந்தைகள் பகலில் பிள்ளைக் காம்பிராவில், ஏணையில் ஆடிக்கொண்டிருக்கும். தாய்மார் கொழுந்து எடுக்கப் போய்விடுவார்கள்.

அங்கே எங்களுக்குத் தூக்கம் ஒரு பிரச்சினையாக இருந்ததாக நினைவில்லை. எட்டு மணிக்கு விளக்கை அணைத்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்குவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்புவார்கள். விடுமுறை என்றால் அப்படியா? பெரியவர்களுக்கு இரவுதான் விடுமுறை. ஆனால் எனக்கு நினைவில்லை என்பது ஒரு பிள்ளையின் நினைவு. பெரியவர்களிடம் நான் ஒருபோதும் கேட்டதில்லை.

அந்தத் தோட்டங்களில் அறைகள் இல்லாமலில்லை. துரை பங்களாவில் இருந்தன. துரைமாரின் பிள்ளைகளை ஏழெட்டு வயதில் இங்கிலாந்து போர்டிங் பாடசாலைக்கு அனுப்பிவிடுவது அந்தக் காலத்து வழக்கம். அத்தனை அறையும் துரைக்கும் துரைசானிக்கும், அப்போதைக்கப்போது வரும் விருந்தாளிக்கும். ஊரிலேயே பெரிய வீட்டில் ஊரிலேயே சின்னக் குடும்பம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளிடம் போனது. இன்றைக்கு மலையகத்தில் அப்படியான பங்களாக்கள் பல உல்லாசப் பயணிகளுக்கு இரவுக் கணக்கில் வாடகைக்கு விடப்படுகின்றன. வந்து தங்குகிறவர்களும் பிள்ளைகளுக்குத் தனி அறை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

எனக்கு ஒன்பது வயது முடிந்து பத்து நடக்கும்போது வாப்பா ஒரு நாள், "இனி நீ முன்னால படு. கடைக்குக் காவல் வேணும்" என்றார். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் சாக்கு விரித்துக்கொண்டேன். பெரிய பொறுப்பு என்று பெருமை. கடையில் அப்படிக் காவல் காக்க என்ன இருந்தது என்று அன்று யோசிக்கவில்லை. ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் படுக்கைகளைப் பிரித்து வையுங்கள் என்ற கருத்திலமைந்த நபிமொழியை வாலிபனான பிறகு ஒரு பயானில் கேட்டபோதுதான் வாப்பாவின் காவல் உத்தியோகம் விளங்கிற்று. பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர், பத்துக்குப் பன்னிரண்டுக்குள் அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார். ஸூரத்துந் நூரில் ஸுபஹுக்கு முன், நடுப்பகல் ஓய்வு நேரம், இஷாவுக்குப் பின் என்று மூன்று வேளைகளில் சின்னப் பிள்ளைகளும் அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று வருகிறது. அனுமதி கேட்பதற்கு முதலில் ஒரு கதவு வேண்டும். எங்கள் அறைக்கும் கடைக்கும் நடுவில் தொங்கியது சாக்குத் திரைதான்.

மறுநாள் மருமகனிடம் அந்தப் பத்திரங்களின் படத்தை அனுப்பச் சொன்னேன். நுணுக்கி எழுதியவற்றை வாசிப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. பார்த்தால், ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு எண்கள். ஸ்டூடியோவுக்கு நான்கு, இரண்டு. ஒரு ரூமுக்கு நான்கு, இரண்டு. இரண்டு ரூமுக்கு ஆறு, நான்கு. முதல் எண் எத்தனை பேர் படுக்கலாம் என்பது. ஹோலிலுள்ள சோபாவை இழுத்து விரித்தால் கட்டிலாகுமே, அதையும் சேர்த்து. இரண்டாவது எண், மற்றவர் படுக்கையைக் கடக்காமல் குளியலறைக்குப் போய்வரக்கூடிய விதத்தில் எத்தனை பேர் தனிமையாகத் தூங்கலாம் என்பது. விற்கிறவர் வாயால் சொல்வது முதல் எண்ணை. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது.

"ஸ்டூடியோவுக்கும் ஒரு ரூமுக்கும் ஒரே எண்தானே மாமா?"

"எண் ஒண்டுதான். ஒண்டில கதவு ஈக்கிது. மத்ததில இல்ல."

பிள்ளைகள் பெரிதானால் அறை கூட வேண்டும், இப்போது சின்னதுதானே என்று அவர் நினைத்தார். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். எனக்கென்னவோ மறுபக்கம்தான் சரியாகப் படுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை உங்களோடு பத்து மணிவரை விழித்திருக்கும். ஏழு மாதக் குழந்தை ஏழு மணிக்குத் தூங்கும். கதவு வேண்டியது அதற்குத்தான். இரண்டு மூன்று அறைகளிருந்தாலும் சமைக்க அடுப்பும், துணி துவைக்க வழியும் இல்லையென்றால் கைக்குழந்தையோடு ஒரு வாரம் தள்ள முடியாது என்பதையும் சொன்னேன். இரண்டு அறை வீட்டை நடுவே பூட்டி, ஒரு பகுதியை ஒரு வருடம், மற்றப் பகுதியை இன்னொரு வருடம் பாவிக்கிற ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. கெட்டித்தனமான ஏற்பாடுதான். ஆனால் பாதி வீட்டில் போய் இருக்கும்போது குடும்பம் பாதியாகிவிடாது.

பிறகு கணக்கு. ஒப்பந்தம் 25 வருடம். மூத்தவளுக்கு நான்கு வருடத்தில் பத்தாகும், நடுவிலானுக்கு ஏழில், கடைசிக்கு ஒன்பது சொச்சத்தில். ஒரே அறையை எந்த வயதுக்கென்று வாங்குவது? பராமரிப்புக் கட்டணமோ போனாலும் போகாவிட்டாலும் வருடாவருடம் கட்ட வேண்டும். வீடு பெரிதானால் அதுவும் பெரிது. பிள்ளைகள் மாறுவார்கள், பத்திரத்திலுள்ள அறை மாறாது. ஆகவே வாங்க வேண்டாம், அந்தந்த வருடத்துக்கு வேண்டிய அளவை அந்தந்த வருடம் வாடகைக்கு எடுங்கள் என்றேன். மருமகன் உடனே ஒத்துக்கொண்டார். என் கணக்கைவிட வருடாந்தக் கட்டணம்தான் அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

ஓகஸ்டில் வந்தார்கள். பண்டாரவளையில் மூன்று அறையும் ஹோலும் குசினியுமுள்ள வீடொன்றை ஒரு வாரத்துக்கு எடுத்திருந்தார் மருமகன். என்னிடம் கேட்கவில்லை, மாமியிடம் ரெலிபோனில் கேட்டிருக்கிறார், உங்கட ரூமுக்குக் கட்டில் ரெண்டா ஒண்டா என்று. குளிர் ஏலாதவள் ஸுவெட்டர் இரண்டு எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வாகனத்தில் ஏறியிருந்தாள். இரவில் பிள்ளைகள் தூங்கியதும் கதவைச் சாத்திவிட்டு, நாங்கள் நால்வரும் ஹோலிலிருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு பதினொரு மணிவரை கதைத்தோம். மகள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டுக் கனகாலம்.

நான்காம் நாள் ஸ்பிரிங்வெளிக்குப் போனோம். மலையகத்துத் தோட்டங்களில் அங்கங்கே ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடித் தனிவீடுகள் எழும்பியிருக்கின்றன, இந்திய உதவியில் கட்டியவை. 120 சதுர அடியிலிருந்து 550க்கு வர இத்தனை தலைமுறை. லயங்களும் இன்னும் இருக்கின்றன, தகரத்துக்கு மேல் கல் வைத்தபடி.

எங்கள் கடை இப்போது வேறொருவருடைய கடை. நல்ல மனிதர். பின்னறையைப் பார்க்கலாமா என்று கேட்டதும் சோடாப் பெட்டிகளை ஒதுக்கி வழிவிட்டார். பேத்தி காலால் அளந்தாள். அவளுடைய பாதக் கணக்கில் பதினெட்டும் இருபத்தொன்றும்.

"மூத்தப்பா, நீங்க எங்க படுக்கிறது?"

காட்டினேன். சுவரோரம், பிறகு முன்னால், மூட்டைகளுக்கு நடுவில்.

"உங்கட வாப்பா?" கதவோரம். "வாப்பும்மா?" அடுப்புக்கு இந்தப் பக்கம், சூட்டுக்கு. தங்கச்சிமார், தம்பி, ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒவ்வொருவராகக் காட்டினேன். தரை நிறைந்துவிட்டது.

"உங்கட உம்மா?"

நான் தரையைப் பார்த்தேன். நாங்கள் தூங்கிய பிறகு படுத்து, நாங்கள் எழும்புமுன் எழும்பியவர். கை நீட்ட ஓர் இடமும் எனக்குத் தெரியவில்லை. பேத்தி காத்துக்கொண்டு நின்றாள். மனைவி வந்து, கடைக்காரர் டீ ஊற்றிவிட்டார், ஆறப்போகிறது என்றாள்.