ராகலை மலையில் ஐந்து வாட்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக உடப்புசல்லாவைக்குப் போகும் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மரக்கறித் தோட்டங்கள் முடிந்து தேயிலை தொடங்கும். ஒரு தேயிலை மலைக்குப் பின்னால் இன்னொரு தேயிலை மலை. வெள்ளைக்காரர் காலத்தில் நானுஓயாவிலிருந்து ராகலை வரை ஒரு குறுகிய ரயில் பாதையும் இருந்தது. 1940களில் அதை மூடிவிட்டார்கள்.

ராகலைக் கடைவீதியில் இறங்கி, சூடாக ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். கண்ணுக்கு அழகு, வானொலி அலைக்கோ தடைச்சுவர்! எஃப்.எம். ஒலிபரப்பும் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் பெரும்பாலும் நேர்கோட்டில் போகும் அலைகளை நம்பியவை. நடுவில் மலை வந்தால் அவை நின்றுவிடும். ரூபவாஹினிக் கோபுரத்தை 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகல உச்சியில் கொண்டுபோய் வைத்ததன் காரணமும் இதுதான்.

சிற்றலை அப்படியல்ல. அது மேலே போய், பூமிக்கு முந்நூறு கிலோமீற்றர் அளவு உயரத்திலுள்ள அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. ரமழான் பிறை அறிவிப்புக்காக ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்த நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். சிற்றலையின் இரைச்சலும் ஏற்ற இறக்கமும் அவர்களுக்கு நன்றாகப் பழக்கம். இந்தச் சிற்றலையில் தாமே பேசுவதும், மோர்ஸ் தட்டுவதும்தான் அமெச்சூர் வானொலிக்காரர்களின் பொழுதுபோக்கு. இலங்கையில் உரிமம் பெற்றவர்களின் அழைப்புக்குறி 4எஸ் என்று தொடங்கும்.

இவர்களில் ஒரு சாரார், வலுவைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைத்துப் பார்ப்பவர்கள். மோர்ஸுக்கு 5 வாட், பேச்சுக்கு 10 வாட், அதற்கு மேல் போவதில்லை என்பது அவர்கள் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. கியூஆர்பி என்று இதற்குப் பெயர். வீட்டில் எரியும் ஒரு சிறு எல்.ஈ.டி. பல்புக்குத் தேவையான மின்சாரம்தான் 5 வாட்! இது எப்படிக் கடல் தாண்டும் என்று கேட்பீர்கள். கணக்கு எளிது. 100 வாட்டை 5 வாட்டாக்கினால் வலு இருபதில் ஒன்றாகிவிடுகிறது. ஆனால் கேட்பவரின் கருவியிலுள்ள அளவுமானியில் முள் இரண்டு கோட்டுக்குச் சற்று அதிகமாகத்தான் இறங்கும். இரைச்சல் குறைந்த இடமானால் அந்த வித்தியாசம் காதுக்குப் பெரிதல்ல. நகரத்து மின்கருவிகளின் கூச்சல் இல்லாத தோட்டப்புறம் இதற்கு வாய்த்த இடம்.

ஏரியல் என்பது வெறும் வயர்தான். 14 மெகாஹேர்ட்ஸுக்குப் பத்து மீற்றர், 7 மெகாஹேர்ட்ஸுக்கு இருபது மீற்றர். இரண்டு சவுக்கு மரங்களுக்கிடையில், துரையிடம் அனுமதி கேட்டு, கட்டிவிடலாம். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பகலில் 14 மெகாஹேர்ட்ஸில் பேசினால் ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் கேட்கக்கூடும். பக்கத்து நுவரெலியாவில் கேட்காது. 7 மெகாஹேர்ட்ஸ் வயரைத் தாழக் கட்டிப் பேசினாலோ அலை செங்குத்தாக மேலே போய், மழைபோல் திரும்பி இறங்கும். கொழும்பு, அம்பாந்தோட்டை, யாழ்ப்பாணம் எல்லாம் அந்த மழைக்குள் அடக்கம். நடுவிலுள்ள மலைகள் ஒரு பொருட்டே அல்ல.

மலைநாட்டுக்கு இது வெறும் விளையாட்டா? 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறக்க முடியுமா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது நுவரெலியா மாவட்டத்தின் பல ஊர்கள் பாதையும் மின்சாரமும் தொலைபேசியும் அறுந்து தனித்துப்போயின. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலையில் செய்தி அனுப்பியவர்கள் விக்டர் குணதிலக்க தலைமையிலிருந்த ரேடியோ சொசைட்டி ஒப் ஸ்ரீ லங்காவின் அமெச்சூர்களே. கோபுரம் விழுந்தாலும், ஒரு வயரும் மோட்டார் சைக்கிள் பெட்டரியும் இருந்தால் ஐந்து வாட் கருவி பேசும். ஒவ்வொரு பெரிய தோட்டத்திலும் இதைக் கையாளத் தெரிந்த ஓர் இளைஞனாவது வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

செலவுக்கு அஞ்சுபவர்கள் ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹானின் கதையைக் கேட்க வேண்டும். 2000களின் தொடக்கத்தில் அவர் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற கருவியில் எல்லாமே சாதாரணக் கடைகளில் கிடைக்கும் பாகங்கள். கம்பிச் சுருள் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாயின் வாஷரைப் பயன்படுத்தினார்! பின்னர் 2016ல் வந்த பிட்எக்ஸ்40 பலகைகளைப் பெண்கள் குழுவொன்று பொருத்திக் கொடுத்தது. உலகெங்கும் அமெச்சூர்கள் அவற்றை வாங்கினார்கள்.

ஒன்று மட்டும். கேட்பதற்குப் பரீட்சை கிடையாது. ஆனால் பேசுவதற்கும், கருவியை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி கட்டாயம். பிள்ளைகள் முதலில் ஒரு பழைய சிற்றலை ரேடியோவோடு தொடங்கட்டும். மோர்ஸ் எழுத்துக்களைக் காதால் பழகட்டும்.

ராகலைக்கு வயரோடு போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் பின்னேரமானால் மலைமேல் இடி முழங்கும். முதல் முழக்கம் கேட்டதும் கருவியிலிருந்து வயரைக் கழற்றி, மரத்திலிருந்து இறக்கிச் சுருட்டிவிட்டு, கடைவீதிக்கு வந்து நுவரெலியா பஸ்ஸைப் பாருங்கள்.