இறைச்ச தண்ணியை எங்க ஊத்துவீங்க?

தாராபுரம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு. நிலத்தடி நீரில் பெட்ரோல், டீசல் கலந்திருக்கிறதா என்று சோதிக்கும் லேபில் வேலை பார்க்கும் பேரன் லீவுக்கு வந்திருந்தான். கிணற்று மேட்டில் உட்கார்ந்து அம்மாயியிடம் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"போர்ல தேங்கிக் கிடக்கற தண்ணியை முதல்ல இறைச்சிருவோம் அம்மாயி. புதுசா ஊறி வர்றதைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில, காத்துக் குமிழி இல்லாம நிரப்பி ஐஸ் பெட்டியில வெப்போம். குமிழி இருந்தா பென்சீன் ஆவியாகி அதுக்குள்ள போயிரும். ரிசல்ட் தப்பாயிரும்."

"அது செரி கண்ணு. முதல்ல இறைச்ச தண்ணியை எங்க ஊத்துவீங்க?"

வேலையில் சேர்ந்த புதிதில் அதைப் போர் ஓரமே கொட்டப் போய்த் திட்டு வாங்கியவன் அவன். இப்போது பழகிவிட்டது. அந்தத் தண்ணீரைப் பேரலில் பிடித்து மூடி, எந்தப் போர், என்ன தேதி என்று எழுதி ஒட்ட வேண்டும். கையுறை, துடைத்த துணி எல்லாம் தனிப் பையில். எண்ணெய் இருப்பது உறுதியானால், அபாயக் கழிவைக் கையாள அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

"மண்ணுல ஊத்தினா மண்ணு குடிச்சிராதா?"

அவன் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தைச் சொன்னான். வருஷம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத அங்கே கிணறுதான் எல்லாம். அடியில் சுண்ணாம்புப் பாறை. மேலே கொட்டுவது வேகமாகக் கீழே இறங்கிவிடும். அங்கே அனல் மின் நிலையத்தைச் சுற்றிச் சோதித்த 150 கிணறுகளில் 109-ல் அளவுக்கு மேல் எண்ணெய், கிரீஸ் இருந்தது. 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், மின் நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. ஒருவருக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய்.

"நொய்யல்ல சாயத் தண்ணி வந்தப்ப கலராவது கண்ணுக்குத் தெரிஞ்சுது" என்ற அம்மாயி, மோட்டார் ரூம் பக்கம் திரும்பினார். அங்கே ஒரு சின்னக் குழி. டிராக்டரில் வடிக்கும் பழைய ஆயிலை வருஷக்கணக்காக அதில்தான் ஊற்றுகிறார்கள். கிணற்றுக்கும் அதற்கும் பத்தடி கூட இருக்காது.

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மறுநாள் குழியோரம் ஒரு மூடி போட்ட கேன் வந்தது. லீவு முடிந்து கிளம்பும்போது பேரன் கையில் ஐஸ் பெட்டி. உள்ளே, சொந்தக் கிணற்றுத் தண்ணீர்.