இரும்புக் குதிரைகளின் ஊர்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் அமைந்த பேர்மிங்ஹாம் நகருக்குச் செல்வோர் அங்கே அரண்மனைகளைத் தேடுவதில்லை. பேனா முள் முதல் துப்பாக்கி வரை, உலோகத்தை உருக்கியும் கடைந்தும் வாழ்ந்த நகரம் அது. உலகெங்கும் புகழ்பெற்ற பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களுட் பல இந்நகரிலும் இதனைச் சூழ்ந்த ஊர்களிலுமே பிறந்தன.

நகரின் ஸ்மோல் ஹீத் பகுதியில் ஆமரி வீதி என்றொரு வீதி உண்டு. ‘ஆயுதசாலை வீதி’ என்பது அப்பெயரின் பொருள். 1861ஆம் ஆண்டில் துப்பாக்கித் தொழிலாளர் ஒன்றுகூடி நிறுவிய பீ.எஸ்.ஏ. கம்பெனி இங்கேதான் இயங்கியது. அது 1910இல் தன் முதலாவது மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. 1940 நவம்பர் 19ஆம் திகதி இரவு விழுந்த குண்டுகளுக்கு இத்தொழிற்சாலையில் 53 தொழிலாளர் பலியாயினர். போரையும் தாங்கி நின்ற அந்நிறுவனம், 1970களின் முற்பகுதியில் வாணிகப் போட்டியைத் தாங்கமாட்டாது வீழ்ந்தது. கட்டடங்களிற் பெரும்பகுதி பின்னர் இடிக்கப்பட்டது.

கிழக்கே கொவென்றி செல்லும் வழியில் மெரிடன் என்னும் கிராமம் இருக்கிறது. இங்கிலாந்தின் நடுமையம் இதுவே என்பது பழைய வழக்கு. கொவென்றியில் குண்டுவீச்சால் அழிந்த ட்ரயம்ப் தொழிற்சாலை, 1942இல் இங்கே புத்துயிர் பெற்று 1983 வரை இயங்கியது. இன்று அவ்விடத்தில் குடியிருப்பு வீடுகளே உள்ளன. ‘பொனவில்’ என்ற புகழ்பெற்ற வண்டியின் பெயர் அங்குள்ள ஒரு சிறு தெருவின் பெயராக எஞ்சி நிற்கிறது.

தொழிற்சாலைகளைக் காண முடியாவிடினும் அவை ஈன்ற வண்டிகளைக் காணலாம். பேர்மிங்ஹாம் விமான நிலையத்துக்கு அண்மையில், பிக்கன்ஹில் என்னுமிடத்தில், 1984ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய மோட்டார் சைக்கிள் அரும்பொருட்சாலை இருக்கிறது. 2003 செப்டெம்பரில் மூண்ட தீயில் நூற்றுக்கணக்கான வண்டிகள் எரிந்தன. எனினும், அவற்றுட் பலவற்றை மீண்டும் செப்பனிட்டு அடுத்த ஆண்டிலேயே சாலையைத் திறந்தார்கள்.

இத்தகைய பழைய வண்டி நிற்குமிடத்தில் அடியிலே ஒரு தகரத் தட்டு வைப்பது உடையவர்களின் வழக்கம். “எண்ணெய் ஒழுகவில்லையென்றால் உள்ளே எண்ணெய் இல்லையென்று பொருள்” என்பது அவர்களிடையே வழங்கும் வேடிக்கைப் பேச்சு. வேடிக்கைக்குப் பின்னே உண்மையும் உண்டு. இவ்வொழுக்கு வேலையாளின் கவலையீனத்தால் மட்டும் வந்ததன்று; பெரும்பாலும் அமைப்பிலேயே பிறந்தது.

அக்கால வண்டிகளுட் பலவற்றில் எஞ்சின் வேறு, கியர்ப்பெட்டி வேறு. கியர்ப்பெட்டியின் பிரதான தண்டு, குழாய் போன்றதொரு பற்சக்கரத்தினூடே சென்று வெளியே கிளச்சைத் தாங்கி நிற்கும். அக்குழாய்ச் சக்கரத்தின் உட்புறத்தில் வெண்கல புஷ்கள் உண்டு. தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையிலே எண்ணெய் புகச் சிறு இடைவெளி வேண்டும். ஆனால், பல பெட்டிகளில் அவ்விடைவெளியின் வெளிவாயிலை அடைக்க எந்த முத்திரையும் இல்லை. ஆகவே புஷ் தேயத்தேய எண்ணெய் கிளச்சுக்குப் பின்புறமாக மெல்ல வெளிவரும். வேறு இடங்களில் கம்பள வளையங்களையே எண்ணெய் காக்கும் காவலாக வைத்தார்கள். பிற்காலத்து இறப்பர் முத்திரைகளும் நிலையானவையல்ல. நெடுங்காலம் உராய்ந்து தண்டிலே பள்ளம் விழுந்தபின், புது முத்திரை இட்டாலும் ஒழுக்கு நிற்பதில்லை.

ஒழுக்கைக் கண்டதும் பலருக்கு எழும் எண்ணம், தடித்த கிறீசைத் திணித்துவிட்டால் நின்றுவிடும் என்பதே. அங்கேதான் ஆபத்து இருக்கிறது. சில்லுப் பெயரிங்குகளுக்கு இடும் கெட்டிக் கிறீசைப் பெட்டியில் இட்டால், சுழலும் பற்சக்கரங்கள் அதனை ஒதுக்கித் தமக்கொரு சுரங்கவழி செய்துகொள்ளும். கிறீஸ் சுவரிலே அப்பிக்கொண்டு திரும்பி வாராது. பற்கள் வறண்டு, புஷ்களுக்குள்ளும் மசகு புகாமற் போகும். ஒழுக்கு நிற்கும், பெட்டியும் சாகும்.

ஆனால் கிறீஸ் என்றாலே பகையென்று கொள்ளலாகாது. பேர்மிங்ஹாமுக்குத் தெற்கே சுமார் 15 மைல் தொலைவில், ஊசித் தொழிலுக்குப் பேர்போன றெடிச் என்ற ஊர் உண்டு. றோயல் என்பீல்ட் வண்டிகளின் பிறப்பிடம் அது. அவ்வண்டியின் பழைய அல்பியன் கியர்ப்பெட்டிக்கு, மெல்லிய கிறீசும் எண்ணெயுமே விதிக்கப்பட்டிருந்தன. 1955இல் சென்னையில் என்பீல்ட் இந்தியா நிறுவனம் தொடங்கியபின், அவ்வகைப் பெட்டி திருவொற்றியூரிலும் நெடுங்காலம் செய்யப்பட்டது. கூழ்போல் மெல்ல ஓடும் 00 தரக் கிறீஸ் இத்தகைய பெட்டிக்கு ஏற்றது. எண்ணெய்க்கெனச் செய்த பெட்டிக்கு எண்ணெயே ஏற்றது. எது எதற்கென்பதை அவ்வண்டியின் கையேடு கூறும்.

எண்ணெயிலும் இரு மயக்கங்கள் உள. கியர் எண்ணெயின் 90 என்ற எண், எஞ்சின் எண்ணெயின் 50ஐவிட மிகத் தடித்ததென்று பலர் நினைப்பர். உண்மையில் அவை வெவ்வேறு அளவுகோல்கள். கியர் 90, ஏறத்தாழ எஞ்சின் எண்ணெயின் 40க்கும் 50க்கும் ஒத்ததே. மற்றது இதனிலும் பெரியது. இன்றைய ஜீ.எல். 5 வகை எண்ணெய்களில், மோட்டார்க் காரின் பின்னச்சுச் சக்கரங்களைக் காப்பதற்கென கந்தக, பொசுபரசுச் சேர்மானங்கள் மிகுதியாக உண்டு. அவற்றுட் சில, சூடேறும்போது செம்பு கலந்த உலோகங்களை அரிக்கும். வெண்கல புஷ்கள் நிறைந்த பழைய பெட்டிக்கு அது மெல்லக் கொல்லும் விஷம். ஜீ.எல். 4 வகையோ, கையேடு இடந்தருமாயின் சாதாரண 50 எஞ்சின் எண்ணெயோ பாதுகாப்பானது.

மாணவர்கள் இன்னுமொன்றைக் கவனித்தல் நன்று. சூடேறினால் பெட்டியினுள் உள்ள காற்று விரியும். மூச்சுத் துவாரம் அழுக்கடைந்திருந்தால் அக்காற்று எண்ணெயை வெளியே தள்ளும். அளவுத் திருகுக்கு மேலே நிரப்பினாலும் இதுவே நிகழும். ஆகவே, முத்திரையைக் கழற்றுமுன் துவாரத்தைத் துடைத்து அளவைப் பார்ப்பதே அறிவுடைமை. தட்டில் விழும் சில துளிகளால் பெருங்கேடில்லை; அளவைப் பார்த்து அவ்வப்போது நிரப்பினாற் போதும். எண்ணெய் பின் டயரிலோ தடையிலோ படுமாயின், அது உயிருக்கே உலை வைக்கும். அப்பொழுது வண்டியை ஓட்டாது திருத்துவதே கடன்.

ஸ்மோல் ஹீத்தும் மெரிடனும் றெடிச்சும் இனி ஒரு பழைய பெட்டியையேனும் வார்க்கப் போவதில்லை. எஞ்சியுள்ளவற்றின் ஆயுள், அவற்றை வைத்திருப்போர் ஊற்றும் எண்ணெயிலேதான் இருக்கிறது.