மாற்றுவதற்கு ஒன்றுமில்லை

வாகனம் திருத்தும் இடத்துக்குப் பெண்ணொருத்தி போனால் அவளுக்கு யாரும் காரணம் சொல்வதில்லை. தொகையை மட்டுமே சொல்வார்கள். எமது அலுவலகத்து டீசல் டபுள் கப் வாகனத்துக்கும் 2019ஆம் ஆண்டு அப்படித்தான் ஒரு தொகை சொல்லப்பட்டது. "டேர்போ போயிற்று, புதிது போட வேணும்" என்பதுதான் கிடைத்த முழு விளக்கமும். அந்தப் பணத்துக்கு இரண்டு கிராமங்களுக்கு நாம் கொடுக்கவிருந்த தையல் இயந்திரங்கள் முழுவதையும் வாங்கிவிடலாம். வேறு தலைப்பில் பணமும் இருக்கவில்லை. வாகனச் செலவும் எனது பொறுப்பில் இருந்தபடியால் சில நாட்கள் எனக்கு நித்திரையே வரவில்லை.

மட்டக்களப்பின் சமதரையில் ஓடும்போது குறை பெரிதாகத் தெரியாது. பெண்கள் சிலரைப் பயிற்சிக்காகக் கண்டிக்கு அழைத்துச் சென்றபோது, ஹசலக்கவுக்கு அப்பால் 18 வளைவு ஏற்றத்தில்தான் வாகனம் மூச்சு வாங்கியது. மிதிக்க மிதிக்கக் கரும்புகை வந்ததே தவிர இழுவை வரவில்லை.

எமது சாரதி அண்ணன்தான் படுவான்கரையில் ஓர் அக்கா இருப்பதாகச் சொன்னார். கணவர் 2006இல் காணாமற் போனவர். மூன்று பிள்ளைகள். தம்பியின் கராஜில் கூட்டித் துடைக்கத் தொடங்கி, பார்த்துப் பார்த்தே டீசல் இயந்திர வேலை முழுவதையும் பழகியவர். பெயர்ப்பலகையில் தம்பியின் பெயர்தான் இருக்கிறது. வருகிறவர்களும் "தம்பி இல்லையா?" என்றுதான் கேட்பார்கள்.

அக்கா முதலில் பொனற்றைத் திறக்கவில்லை. கேள்வி கேட்டார்.

"புகை என்ன நிறம் மிஸ்? ஏத்தத்தில மட்டுமா? விசில் மாதிரிச் சத்தம் கேட்டதா?"

நீலப்புகை என்றால் ஓயில் எரிகிறது. கரும்புகை என்றால் ஊற்றுகிற டீசலுக்குக் காற்றுப் போதவில்லை. அடுப்பில் காற்றில்லாமல் விறகு புகைவதை நாம் அறியாதவர்களா? டேர்போவின் வேலையே அந்தக் காற்றை ஊட்டுவதுதான். வெளியேறும் புகைக்காற்று ஒரு சில்லைச் சுழற்ற, அதே அச்சில் மறுபக்கத்திலுள்ள சில்லு நல்ல காற்றை அமுக்கி இயந்திரத்துக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் அது சுழலுமாம். கட்டுப்பாடில்லாமல் விட்டால் அமுக்கம் கூடி இயந்திரமே வெடித்துக் கெட்டுவிடும். அதற்காக ஒரு பைபாஸ் வால்வு வைத்திருக்கிறார்கள். கராஜ்காரர் அதை வேஸ்ட்கேட் என்பார்கள். அமுக்கம் அளவைத் தாண்டியதும் ஒரு சிறு குழாய் வழியாக வரும் காற்று, சிறிய தகர டப்பா ஒன்றினுள் இருக்கும் இறப்பர் தகட்டையும் ஸ்பிரிங்கையும் தள்ளும். அதோடு பூட்டிய தண்டு நகர்ந்து வால்வைத் திறக்கும். மிகுதிப் புகைக்காற்று சில்லைச் சுற்றாமல் விலகிப் போய்விடும். பெல்ற்றில் ஓடும் சுப்பர்சார்ஜர் பூட்டிய கார்களில் இந்த வால்வு காற்று உள்ளே போகும் பக்கத்தில் இருக்கும். மிதியிலிருந்து காலை எடுத்தால் திறந்து, மிதித்தால் மூடும். எதுவானாலும் வால்வு திறந்தபடி நின்றுவிட்டால் இழுவை இல்லை.

அக்கா ஒழுங்குமுறையாகப் போனார். காற்று வடி சுத்தம். இன்டர்கூலருக்குப் போகும் தடித்த இறப்பர்க் குழாய்களில் வெடிப்பில்லை, கிளிப்புகளும் இறுக்கமாகவே இருந்தன. இயந்திரம் ஆறிய பின் ஒரு குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த சில்லை விரலால் சுற்றினார். உரசாமல் சுழன்றது. முன்னும் பின்னும் இழுத்தும் பார்த்தார். ஆட்டமில்லை.

"டேர்போ நல்லாத்தான் இரிக்கு மிஸ். இதையா மாத்தச் சொன்னவங்க?"

மிஞ்சியது வால்வு. தண்டைக் கையால் அசைத்தபோது கரியும் துருவும் பிடித்து இறுகியிருந்தது. துருநீக்கும் எண்ணெய் விட்டு, அடுத்த நாள் வரை விட்டுவிட்டு, இலகுவாகும்வரை முன்னும் பின்னும் அசைத்தார். பிறகு செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அளவுமானி பூட்டிய சைக்கிள் பம்பை அந்த டப்பாவின் குழாய்க்குப் பொருத்தி, மெதுவாக அடித்துக்கொண்டு தண்டையே பார்த்தார். புத்தகத்தில் உள்ள அளவுக்கு வெகுமுன்னரே தண்டு நகரத் தொடங்கிவிட்டது. தண்டின் நட்டில் இருந்த மஞ்சள் அடையாளப் பூச்சும் உடைந்திருந்தது.

"ஆரோ முந்தி இதைத் திருப்பி நீளமாக்கி இரிக்காங்க."

நட்டைத் தளர்த்தி, கிளிப்பைக் கழற்றி, தண்டின் முனையை அரைச்சுற்று உள்ளே திருப்பினார். மீண்டும் பூட்டிப் பம்ப் அடித்தார். மறுபடியும் அரைச்சுற்று. புத்தக அளவில் நகரத் தொடங்கியதும் நட்டை இறுக்கினார். "இன்னும் கொஞ்சம் திருப்பினால் நல்லா இழுக்குமே?" என்று சாரதி அண்ணன் ஆசைப்பட்டார். அக்கா அசையவில்லை. அமுக்கம் கூடினால் சூடும் கூடும், பிறகு கஸ்கட்டும் பிஸ்டனும் போகும் என்றார். இழுவைக்கு ஆசைப்பட்டு இயந்திரத்தையே இழந்த லொறிக்காரரை அவர் கண்டிருக்கிறார்.

தேநீர் குடிக்கும்போது பியட்ரிஸ் ஷில்லிங் என்ற ஆங்கிலப் பொறியியலாளரைப் பற்றிச் சொன்னேன். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானங்களில் இருந்த மேர்லின் இயந்திரம் சுப்பர்சார்ஜர் பூட்டியது. விமானம் திடீரென மூக்கைக் கீழே குத்தினால் பெற்றோல் மிதமிஞ்சிப் பாய்ந்து இயந்திரம் அடைத்துக்கொள்ளும். 1941இல் அந்தப் பெண் கண்ட தீர்வு, பெற்றோல் போகும் வழியில் வைக்கும் துளையிட்ட சிறு உலோகத் துண்டு. விமானத் தளங்களுக்குத் தாமே சென்று பூட்டுவித்தார். அக்கா ஆர்வமாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பொம்பிளைக்கு ஆரின்ட பேரில காசு குடுத்தவங்க?" என்றார்.

சமூகவியல் பட்டத்துக்காக உழைப்புப் பிரிவினை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. தையலும் கோழி வளர்ப்பும் கேவலமல்ல, பலரைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன. ஆனாலும் வாழ்வாதாரப் படிவங்களில் 'வாகனம் திருத்துதல்' என்ற சொல்லுக்கு நேரே பெண்கள் எவரின் பெயரையும் நான் எழுதியதில்லை.

சிக்கல் பில்லில் வந்தது. எமது கணக்காளர் "மாற்றிய பொருள் என்ன?" என்று கேட்டார். மாற்றிய பொருள் இல்லை. பழுதைக் கண்டுபிடித்த மூளைக்கு அந்தப் படிவத்தில் கட்டமும் இல்லை. "டேர்போ வால்வு பரிசோதித்துச் சரிசெய்த கூலி" என்று எழுதுவித்து, அது தம்பியின் பெயரில் அல்ல, அக்காவின் பெயரிலேயே இருக்க வேண்டுமென்று நின்றேன். தம்பியும் மறுக்கவில்லை. வங்கியில் சிறுகடன் கேட்டபோதெல்லாம் சொந்த வருமானத்துக்கு ஆதாரமில்லை என்று அக்காவைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அடுத்த மாதம் பார்த்தபோது, தன் பெயர் அச்சிட்ட பில் புத்தகமொன்றை மேசை லாச்சியிலிருந்து எடுத்துக் காட்டினார். ஏழு பில் கிழிக்கப்பட்டிருந்தது.