எழுதியவரின் கைப்பிசகு

என் கையெழுத்தைக் கோழி கிளறிய மண் என்பார்கள் நண்பர்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். புத்தி ஓடுகிற வேகத்துக்குக் கை ஓடவில்லை என்று ஒரு சமாதானமும் கைவசம் இருந்தது. அது பொய். எனக்கு அப்படியொரு அவசரம் எப்போதும் இருந்ததில்லை. எழுதுவது என் வேலை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பது உன் பாடு என்கிற திமிர்தான் அது. அந்தத் திமிரில் ஒரு மனிதர்மேல் பழி போட்டிருக்கிறேன். இவ்வளவு காலம் யாரிடமும் சொன்னதில்லை.

1980களின் தொடக்கம். பரம்பரைக் கர்ணம் பதவிகள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்த புதிது. சப் ரிஜிஸ்டிரார் ஆபீசுக்கு எதிர்வரிசையில் ஒரு பத்திர எழுத்தர் கடையில் வேலைக்கு இருந்தேன். கட்சிக்காரர் கொண்டுவரும் தாய்ப்பத்திரத்தைப் பார்த்து ரஃப் போடுவது என் வேலை. அதை முத்திரைத் தாளில் சுத்தப் பிரதியாக எழுத ஒரு பெரியவர் இருந்தார். பி.யூ.சி. படித்த நான், ஐந்தாம் வகுப்போடு நின்ற அவரை என்ன மதிப்பில் வைத்திருந்தேன் என்று சொல்லவேண்டியதில்லை.

அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். கட்டையான, அழகில்லாத எழுத்து. ஆனால் முதல் பக்கத்து 'ழ'வும் கடைசிப் பக்கத்து 'ழ'வும் ஒன்றுபோலவே இருக்கும். 'வ'வை 'ல' என்று யாரும் படித்துவிட முடியாது. தகப்பனார் இனிஷியலில் அது மாறினால் சொத்துக்காரரே மாறிவிடுவார். தொகையை எண்ணால் எழுதிவிட்டு எழுத்தாலும் எழுதுவார். வரி பாதியில் முடிந்தால் மிச்ச இடத்தில் கோடு இழுத்துவிடுவார், பின்னால் எவனும் ஒரு சொல் நுழைக்கக்கூடாது என்று. அடித்தல் திருத்தல் வந்தால் எழுதிக்கொடுப்பவர் அங்கேயே கையெழுத்துப் போடவேண்டும். 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்வது இது. பெரியவருக்குப் பிரிவு நம்பர் தெரியாது; அடித்தல் இல்லாமல் எழுதத் தெரியும்.

பழைய பத்திரத்தைப் பார்த்து நகல் எடுக்கும்போது இன்னும் கறார். மூன்று சுழி 'ண' வரவேண்டிய பெயரில் இரண்டு சுழி 'ன' கிடந்தால் அதே இரண்டு சுழியைத்தான் போடுவார். "தப்பா இருக்கே ஐயா" என்றேன் ஒரு தடவை. "தப்பைத் திருத்துறதுக்கு நமக்கு யாரு கூலி குடுத்தா தம்பி?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மாட்டுப்புத்தி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பதிவுக்குப் போன பத்திரம் அதோடு முடிவதில்லை. ஆபீசில் ஒருவர் அதைப் பார்த்து ஒரு வார்த்தை விடாமல் பதிவுப் புத்தகத்தில் எழுதவேண்டும், 52ஆவது பிரிவு. நிலம், மனை, வீடு என்றால் ஒன்றாம் புத்தகம். அந்தக் காலத்தில் எல்லாம் கையால்தான். ஒருவர் படிக்க இன்னொருவர் ஒத்துப்பார்ப்பார். பெரியவர் அந்த முகம் தெரியாத ஆளுக்காக எழுதினார் என்பது இப்போது புரிகிறது. நான் யாருக்காகவும் எழுதவில்லை. என் ரஃபில் புள்ளிகள் எழுத்துக்குச் சம்பந்தமில்லாமல் மிதக்கும், பாதிக்கு மேல் இருக்காது. யாராவது கேட்டால் ஏட்டுச்சுவடியில் புள்ளி உண்டா என்று எதிர்க்கேள்வி போடுவேன். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும், அவர்கள் விட்டதில் நியாயம் உண்டு. என் பால்பாயின்ட் பேனாவுக்கு என்ன கேடு?

ஒரு விதவை அம்மாள் சேர்த்துவைத்த பணத்தில் கொஞ்சம் நஞ்சை வாங்கினார். ரஃப் போட்டேன். நான்கெல்லையை எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதினேன், இன்னார் நிலத்துக்கு வடக்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு என்று. சர்வே நம்பருக்குக் கீழே உட்பிரிவு 3. பெரியவர் அந்த இடத்தில் பேனாவை நிறுத்தினார். தாளைத் தூக்கி வந்து, "தம்பி, இது மூணா எட்டா?" என்றார். பார்த்தேன். என் எழுத்து எனக்கே புரியவில்லை. தாய்ப்பத்திரம் கையெட்டும் தூரத்தில் மேஜைமேல் கிடந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. கேட்டுவிட்டாரே என்கிற எரிச்சலில், "எட்டுதான், எழுதுங்க" என்றேன். எட்டாம் உட்பிரிவு வேறொருவருடையது.

பட்டா மாறுதலுக்குப் போனபோது குட்டு வெளிப்பட்டது. அந்த அம்மாள் கடைவாசலில் வந்து நின்று, "ஏன்யா, நான் எந்த நிலத்தைத்தான்யா வாங்கினேன்?" என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். "நான் மூணுன்னுதான் போட்டேன், அவர் எட்டுன்னு எழுதிட்டார்" என்றேன். கண் இமைக்கவில்லை. பெரியவர், "அந்த ரஃப் எங்க தம்பி?" என்று மட்டும் கேட்டார். ரஃபை எப்போதோ கசக்கிப் போட்டாயிற்று. முதலாளி அவர் கூலியில் பிடித்தம் செய்தார். அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

விற்றவர் அதற்குள் வேறு ஊருக்குக் குடிபோயிருந்தார். மறுபடி வந்து கையெழுத்துப் போட, பஸ் சார்ஜுக்கு மேலே ஒரு தொகை கேட்டு வாங்கிக்கொண்டார். கொடுத்தது அந்த அம்மாள்.

பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு ரஃப் போட்டதும் நானேதான். இன்ன நம்பர் பத்திரத்தில் உட்பிரிவு 3 என்றிருக்கவேண்டியது, எழுதியவரின் கைப்பிசகால் 8 என்று விழுந்துவிட்டபடியால் என்று எழுதினேன். யார் பிசகு என்று சொல்லாமலே அந்த வரியை எழுதியிருக்கலாம். பழைய பத்திரத்தின் கடைசியில் 'எழுதியவர்' என்ற இடத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்று தெரிந்துதான் அப்படி எழுதினேன்.

சுத்தப் பிரதி அவரிடம் போயிற்று. அந்த வரியில் பேனா நின்றது. எனக்கு வியர்த்தது. "தம்பி, 'பிசகால்' - கடைசியில புள்ளி உண்டா?" என்றார். உண்டு என்றேன். வைத்தார். மற்றபடி இருந்ததை இருந்தபடியே எழுதி முடித்தார்.

அதற்கப்புறம் என் ரஃப் ஒவ்வொன்றிலும் பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் பேனாவைத் திறந்தார். எண்களை எழுத்தாலும் எழுதச் சொன்னார். ரஃபுகளைக் கம்பியில் குத்திவைத்தார். நான் அதையும் கேலி செய்தேன். சீக்கிரமே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டேன். இப்போது எல்லாம் டைப் அடிப்பதால் என் எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. திருந்திவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். இல்லை.

பெரியவர் காலமாகி வெகுநாளாயிற்று. ஒன்றாம் புத்தகத்தை அழிக்கமாட்டார்கள், அது நிரந்தரப் பதிவு. என் வரியையும் யாரோ ஒரு நகல் எழுத்தர் பார்த்துப் பார்த்து அதில் எழுதியிருப்பார், இன்னொருவர் ஒத்துப்பார்த்திருப்பார். மனுப்போட்டு யார் நகல் கேட்டாலும், பிசகு பெரியவருடையது என்றுதான் வரும்.