குடும்பக் கணினியின் முதல் மூன்று விளையாட்டுகள்

பத்திரிகைத் துறையில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன். வாசகர்களுக்குத் தரவரிசை என்றால் தனிப்பிரியம். ஆண்டின் சிறந்த பத்துத் திரைப்படங்கள், சிறந்த ஐந்து துடுப்பாட்ட வீரர்கள் என எதை வெளியிட்டாலும் அடுத்த வாரமே ஆசிரியபீடத்துக்குக் கடிதங்கள் வந்து குவியும். அவற்றில் பாராட்டு அரிது. மூன்றாம் இடத்தில் இருப்பவர் ஏன் முதலாம் இடத்தில் இல்லை என்ற கேள்வியே பெரும்பாலும் இருக்கும். அத்தகைய பட்டியல்கள் பலவற்றை நானும் தயாரித்திருக்கிறேன். ஆனால், ஒரு விளையாட்டு இயந்திரத்துடன் முதன்முதலாக வெளிவந்த விளையாட்டுகளைத் தரம்பிரிக்கும் பணி இந்த வயதில் என்னிடம் வந்து சேரும் என்று எண்ணியதில்லை.

2023ஆம் ஆண்டு திரௌபதை அம்மன் ஆலயத் தீப்பள்ளயத்துக்காகப் பாண்டிருப்புக்குச் சென்றிருந்தேன். மகாபாரதக் கதையை அடியொற்றிப் பதினெட்டு நாட்கள் நடைபெறும் அத்திருவிழாவுக்கு, உலகின் எந்த மூலையில் இருந்தாலும் வந்து சேர முயல்வது எங்களூரவரின் வழக்கம். ரொறன்ரோவில் வாழும் என் மருமகனும், அதாவது காலஞ்சென்ற என் தங்கையின் மகனும், அவ்வாண்டு வந்திருந்தான். தன் சகோதரியின் மகனுக்கென்று உள்ளங்கையில் அடங்கும் சாம்பல்நிற இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். நின்ரெண்டோ நிறுவனம் தனது பழைய விளையாட்டு இயந்திரத்தைச் சிறிய உருவில் மீண்டும் வடித்து 2016இல் வெளியிட்டது. அதனுள்ளே முப்பது விளையாட்டுகள் உண்டு.

"மாமா, நாங்க ரெண்டு பேரும் முப்பது வருசமாச் சண்டை பிடிக்கிறம். நீங்கதானே பத்திரிகைக்காரர், ஒரு தீர்ப்புச் சொல்லுங்க" என்றான் மருமகன். மருமகள் சிரித்தாள்; ஒன்றும் சொல்லவில்லை.

வழக்கு இதுதான். நின்ரெண்டோ தனது 'ஃபமிலி கொம்பியூட்டர்' இயந்திரத்தை ஜப்பானில் 1983 யூலை 15ஆம் திகதி விற்பனைக்கு விட்டது. விலை 14,800 யென். ஜப்பானியர் அதைச் சுருக்கி 'ஃபமிகொம்' என்றனர். தமிழில் சொன்னால் குடும்பக் கணினி. அன்று அதனுடன் வெளிவந்தவை மூன்றே மூன்று விளையாட்டுகள்: டொங்கி கொங், டொங்கி கொங் ஜூனியர், பொப்பாய். மூன்றும் ஏற்கெனவே காசு போட்டு விளையாடும் பெரிய இயந்திரங்களில் புகழ்பெற்றிருந்தவை. முதல் தொகுதி இயந்திரங்கள் சில விளையாட்டின் நடுவே உறைந்து நின்றதால், நிறுவனம் அவற்றைத் திரும்பப் பெற்றுத் திருத்திக் கொடுக்க நேர்ந்தது. எனினும் பின்னர் அமெரிக்காவில் வேறு வடிவில் விற்கப்பட்டதையும் சேர்த்து ஆறு கோடிக்கு மேற்பட்ட இயந்திரங்கள் உலகெங்கும் விற்பனையாகின.

அந்தக் கணக்கில் எங்கள் வீட்டு இயந்திரம் சேராது. அது நகல். ரியாத்தில் சாரதியாக வேலை பார்த்த என் தம்பி 1994இல் விடுமுறைக்கு வந்தபோது, பால்மாப் பேணிகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவே வைத்துக் கொண்டுவந்தான். ஜப்பானிய மூல இயந்திரத்தின் சாயலில் இருந்தது; ஆனால் நிறுவனத்தின் பெயர் எங்கும் இல்லை. ஒரே பேழையில் பல விளையாட்டுகள் அடைக்கப்பட்டிருந்தன. அவற்றில் இந்த மூன்றும் இருந்தன. ஊரில் அதற்கு 'ரீவி கேம்' என்று பெயர்.

தங்கையின் வீடு கடற்கரைக்கு அண்மையில் இருந்தது. பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி. மின்சாரம் இருக்கும் மாலைகளில் மட்டுமே விளையாட்டு. ஒருமுறை இயந்திரத்தின் மின்மாற்றி கருகியபோது, மருதமுனையிலிருந்து வானொலி திருத்தும் காக்கா ஒருவர் சைக்கிளில் வந்து சரிசெய்து கொடுத்தார். அடுத்தடுத்த ஊர்கள்தாம், நடந்தே போகலாம். ஆனால் 1990க்குப் பின்னர் வந்த ஆண்டுகளில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்குள் மற்றவர் போய்வருவது சுலபமான காரியமாக இருக்கவில்லை. கூலி வாங்க மறுத்த காக்கா, பிள்ளைகளோடு அரைமணி நேரம் விளையாடிவிட்டுச் சென்றார்.

அந்த 1990ஆம் ஆண்டைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். அவ்வாண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபின் நடந்த ஒரு சுற்றிவளைப்பில் தங்கையின் கணவர் அழைத்துச் செல்லப்பட்டார். விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்றார்கள். அவர் திரும்பவில்லை. அப்போது மருமகனுக்கு ஒன்பது வயது, மருமகளுக்கு ஆறு.

இனி, தீர்ப்புக்கு வருகிறேன். மூன்று விளையாட்டுகளையும் இரண்டு நாட்கள் விளையாடிப் பார்த்தேன். விளையாடினேன் என்பதைவிட, பத்து வயதுப் பேரன் விளையாட நான் பக்கத்தில் இருந்து குறிப்பெடுத்தேன் என்பதே உண்மை.

மூன்றாம் இடம் பொப்பாய்க்கு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நின்ரெண்டோவின் புதிய சிறு இயந்திரத்தில் பொப்பாய் இல்லை. அந்தப் பாத்திரம் வேறொருவரின் சொத்து. உரிமை பெற்றே பயன்படுத்தவேண்டும். ஆனால் பேரனிடம் கல்முனைக் கடையொன்றில் வாங்கிய மலிவான கையடக்கக் கருவி இருந்தது. நானூறு விளையாட்டுகள் என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். அதில் பொப்பாய் இருந்தான். அசலில் கிடைக்காதது நகலில் கிடைத்தது.

பொப்பாய்க்குத் தாவத் தெரியாது. படிகளில் ஏறி இறங்கி, மேலே நிற்கும் ஒலிவ் வீசும் இதயங்களைப் பொறுக்கவேண்டும். முரடன் புரூட்டஸ் துரத்துவான். கீரை கிடைத்தால் சற்று நேரத்துக்கு அவனைத் திருப்பித் துரத்தலாம். பிடிக்கத் தவறிய இதயம் கீழேயுள்ள நீரில் விழும். அது அமிழ்வதற்குள் ஓடிச்சென்று எடுக்கவேண்டும். அழகான கற்பனைதான். ஆயினும் மேலிருந்து விழுவதைப் பொறுக்குவதைத் தவிர வேறு இலட்சியம் இல்லாததால் விரைவில் சலிக்கிறது.

இரண்டாம் இடம் டொங்கி கொங். மருமகன் என்னை மன்னிக்கவேண்டும். அவனுடைய முதலிடம் இதற்குத்தான். வரலாற்றின்படி பார்த்தால் அவன் பக்கமே நியாயம் அதிகம். 1981இல் சிகெரு மியமோட்டோ என்ற இளைஞர் பொப்பாயை வைத்தே ஒரு விளையாட்டை உருவாக்க விரும்பினார். உரிமை கிடைக்கவில்லை. ஆகவே முரடனின் இடத்தில் ஒரு குரங்கையும், மாலுமியின் இடத்தில் ஒரு தச்சனையும் வைத்தார். அந்தத் தச்சனே பின்னாளில் உலகப்புகழ் பெற்ற மரியோ. அது வெற்றிபெற்ற பின்னரே பொப்பாயின் உரிமையும் கிடைத்தது. ஆக, மூன்றாம் இடத்தில் நான் வைத்த பொப்பாய் கிடைக்காமற்போனதால் பிறந்ததுதான் இது.

குரங்கு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு இரும்புச் சட்டங்களின் உச்சியில் ஏறி நிற்கிறது. அங்கிருந்து பீப்பாய்களை உருட்டிவிடுகிறது. தச்சன் அவற்றைத் தாண்டி ஏணிகளில் ஏறவேண்டும். கையில் சுத்தியல் கிடைத்தால் பீப்பாய்களை உடைக்கலாம். ஆனால் சுத்தியல் இருக்கும்வரை ஏணியில் ஏறவும் இயலாது, தாவவும் இயலாது. ஆயுதம் எடுத்தவனால் மேலே போகமுடியாது என்ற இந்த விதியை யார் சிந்தித்தாரோ தெரியவில்லை, எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. குறை ஒன்றுண்டு. மூலத்தில் இருந்த நான்கு கட்டங்களில் ஒன்று வீட்டு இயந்திரத்துக்கு வந்தபோது விடுபட்டுவிட்டது. அரைகுறையாக அச்சான நூலுக்கு முதற்பரிசு கொடுக்க மனம் ஒப்பவில்லை.

முதலிடம் டொங்கி கொங் ஜூனியருக்கு.

1982இல் வந்த இந்த விளையாட்டில் வேடங்கள் தலைகீழாகின்றன. முன்னர் நாயகனாக இருந்த மரியோ இப்போது சிறையதிகாரி. குரங்கைப் பிடித்துக் கூண்டில் அடைத்துவிட்டான். அதன் குட்டி தந்தையை மீட்கப் புறப்படுகிறது. குட்டிக்கு ஆயுதம் இல்லை. கொடிகளைப் பற்றி ஏறுகிறது. இரு கைகளாலும் இரண்டு கொடிகளைப் பிடித்தால் விரைவாக ஏறலாம். ஒற்றைக் கொடியில் விரைவாக இறங்கலாம். எதிரில் வரும் வாய்பிளந்த பிராணிகளின் தலையில் பழங்களைத் தள்ளிவிடலாம், அவ்வளவுதான். ஒரு கட்டத்தைக் கடந்தால் தந்தை கிடைப்பதில்லை. அடுத்த கட்டத்தில் கூண்டு வேறோர் இடத்தில் இருக்கும். இறுதிக் கட்டத்தில் ஆறு சாவிகளைச் சங்கிலிகளின் வழியே மேலே தள்ளி ஆறு பூட்டுகளையும் திறக்கவேண்டும். அப்போது தந்தை கீழே விழ, குட்டி தாங்கிப் பிடித்துக்கொள்கிறது.

மருமகளின் முதலிடம் எப்போதும் இதற்குத்தான். 1994இல் பத்து வயதுச் சிறுமியாக ஆறு பூட்டுகளையும் திறக்கக்கூடியவள் எங்கள் தெருவிலேயே அவள் ஒருத்திதான். அண்ணனுக்கும் அவளுக்கும் சண்டை மூண்டதும் அதனால்தான். அவள் வெற்றிபெற்ற மறுகணம் எழுந்துபோய் இயந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்திவிடுவாள். சேர்த்த புள்ளிகள் அத்தனையும் அழிந்துவிடும். அடுத்த சுற்றில் தன் முறைக்காகக் காத்திருக்கும் அண்ணன் கத்துவான். நானும் ஒருமுறை அவளைக் கண்டித்தது நினைவிருக்கிறது. இப்படிச் சடாரென்று நிறுத்தினால் சாமான் பழுதாகிவிடும் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இம்முறை பேரன் விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். ஆறாவது பூட்டுத் திறந்தது. தந்தை விழுந்தது, குட்டி தாங்கியது. உடனே எவ்வித இடைவெளியுமின்றி முதற்கட்டம் மறுபடி தோன்றியது. கூண்டுக்குள் தந்தை.

மருமகளைப் பார்த்தேன். அவள் இப்போது பாடசாலை ஆசிரியை. சமையலறை வாசலில் நின்றபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்காகத்தானா நிப்பாட்டினாய்?" என்று கேட்டேன்.

"ஓம் மாமா. அப்பா வந்திட்டார்தானே. மறுகா ஏன் திரும்பவும் புடிச்சுக் குடுக்கணும்?" என்றாள்.

வாசகர்களே, போர்க்காலம் முழுவதும் காணாமற்போனோர் பற்றிய செய்திகளை எழுதியவன் நான். எத்தனையோ தாய்மாரிடமும் மனைவியரிடமும், கடைசியாக அவரைக் கண்டது எப்போது, எங்கே, என்ன உடையில் என்று கேட்டுக் குறித்திருக்கிறேன். என் தங்கை கணவரைத் தேடி முகாம் முகாமாக அலைந்ததும், இங்கே இல்லை, அங்கே போய்க் கேளுங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டதும் எனக்குத் தெரியும். 1990களின் நடுப்பகுதியில் விசாரணை ஆணைக்குழு வந்தபோது அவளுடைய முறைப்பாட்டை எழுதிக் கொடுத்ததும் நான்தான். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை கடல் ஊருக்குள் வந்தபோது, அவள் நகையை எடுக்காமல் அந்தக் கடிதங்கள் இருந்த பொலித்தீன் பையை மாத்திரம் எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு ஓடினாள். வீடும், தொலைக்காட்சிப் பெட்டியும், 'ரீவி கேமும்' அலையோடு போயின. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்று மாண்டனர். என் தங்கையும் பிள்ளைகளும் தப்பினர். அவள் 2016இல் மறைந்தாள். பை இன்னமும் மருமகளின் அலுமாரியில் இருக்கிறது.

இவ்வளவையும் அறிந்த நான், பத்து வயதுச் சிறுமியிடம் ஏன் நிறுத்தினாய் என்று அன்று கேட்கவில்லை. பக்கத்தில் அமர்ந்து பார்த்திருந்தும் கேட்கவில்லை. சாமான் பழுதாகிவிடும் என்றே சொன்னேன்.

மருமகனுக்கும் அது புதிய செய்தியாகவே இருந்திருக்கவேண்டும். முப்பது ஆண்டுகள் வாதாடியவன் அதன்பின் டொங்கி கொங்கைப் பற்றிப் பேசவில்லை. அன்றிரவு பேரன் மீண்டும் விளையாடினான். சிரமப்பட்டு ஆறு பூட்டுகளையும் திறந்தான். குட்டி தந்தையைத் தாங்கிய அந்தக் கணத்தில் மருமகன் கையை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினான்.

"மாமா! என்ட பொயின்ற் எல்லாம் போயிற்று!" என்று பேரன் கத்தினான்.

"போகட்டும்டா" என்றான் மருமகன்.

ஆக, என் தரவரிசை: மூன்று பொப்பாய், இரண்டு டொங்கி கொங், ஒன்று டொங்கி கொங் ஜூனியர். வழக்கம்போல் மறுத்து எழுதுவோர் எழுதலாம். மருமகன் இம்முறை மேன்முறையீடு செய்யவில்லை.